கடல் கடந்த தொண்டு: மொலொக்காய்த் தீவு கற்பிக்கும் பாடம்

பங்குத் தந்தை



விழா மலர் என்றால் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய ஆண்டு, மணிக்கூண்டு எழுந்த கதை, முன்னோடிக் குருக்களின் நிழற்படங்கள் ஆகியவை இடம்பெறுவது மரபு. அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் முறையாக வந்துள்ளன. எனவே எனக்கு ஒதுக்கப்பட்ட இப்பக்கங்களில் வேறொரு வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கடல் கடந்து தொண்டு செய்யப் போனவர்களின் வரலாறு அது.

இதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலமாக நம் இளைஞர்களும் இளம்பெண்களும் வெளிநாட்டில் மறைபரப்புத் தொண்டு செய்துவர ஆவல் கொண்டு என்னிடம் வருகின்றனர். "சாமி, ஒரு மாதம் போய்வரலாமா? இரண்டு மாதம் போதுமா?" என்று கேட்கின்றனர். அவர்களின் பெற்றோரோ, "அங்கே இவர்கள் போய் என்ன செய்துவிடப் போகிறார்கள்?" என்று கேட்கின்றனர். இரண்டுமே நியாயமான கேள்விகள். இவற்றிற்கு என் சொந்தக் கருத்தைச் சொல்லுவதைவிட, வரலாற்றை விடை சொல்லச் செய்வது நல்லது. சில வாரங்களுக்கென்று போய், ஆயுள் முழுவதும் தங்கிவிட்ட சிலரின் கதை பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு தீவில் எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் ஹவாயின் மொலொக்காய்த் தீவு.

தீவும் சட்டமும்

1778-ஆம் ஆண்டு ஆங்கில மாலுமி ஜேம்ஸ் குக் ஹவாய்த் தீவுகளை அடைந்தார். அதன்பின் கப்பல்கள் வந்தன. கப்பல்களோடு நோய்களும் வந்தன. அம்மை, இருமல், காய்ச்சல் ஆகியவற்றை எதிர்க்கும் ஆற்றல் அம்மக்களின் உடலில் இருக்கவில்லை. ஊர் ஊராக மக்கள் மடிந்தனர். 1872-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஹவாய் அரசின் மொத்த மக்கள் தொகை ஏறத்தாழ 57,000 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இந்நோய்களின் வரிசையில் தொழுநோயும் சேர்ந்துகொண்டது.

அரசு அஞ்சியது. 1865-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். தொழுநோய் கண்டவர்களைப் பிடித்துத் தனியிடத்தில் அடைத்து வைக்க அச்சட்டம் வழி செய்தது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மொலொக்காய்த் தீவின் வடபுறத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலநாக்கு. மூன்று புறமும் அலைகொந்தளிக்கும் கடல். நான்காம் புறம் ஏறத்தாழ 2,000 அடி உயரத்திற்குச் சுவர்போல் எழும் செங்குத்துப் பாறை. சிறைக்குச் சுவர் கட்ட வேண்டிய தேவையே அங்கு இருக்கவில்லை. அந்நிலத்தின் கிழக்குப் பக்கம் கலாவாவோ. மேற்குப் பக்கம் கலாவுபாப்பா.

1866-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், திருச்சபை மூன்று இராசாக்கள் திருநாளைக் கொண்டாடும் நாளில், முதல் கூட்டம் அங்கே இறக்கிவிடப்பட்டது. ஒன்பது ஆண்கள், மூன்று பெண்கள். ஆக பன்னிருவர். அந்நாள் முதல் 1969-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டனர். கணவனிடமிருந்து மனைவி, தாயிடமிருந்து பிள்ளை என்று பிரிக்கப்பட்டனர். ஹவாய் மக்கள் தொழுநோய்க்கு இட்ட பெயர்களுள் ஒன்று, குடும்பத்தைப் பிரிக்கும் நோய் என்று பொருள்படுவதாகும். அந்நோய் உடலைவிட உறவையே முதலில் அரித்தது.

முதல் தொண்டர் யார்?

மொலொக்காய் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் புனித தமியான் அடிகளார். அவரே அங்கு போன முதல் தொண்டர் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது வரலாற்றுக்கு ஒத்ததன்று. அவருக்கு ஏழாண்டுகள் முன்பே அங்கு தொண்டர்கள் இருந்தனர். அவர்கள் ஐரோப்பியரும் அல்லர், துறவியரும் அல்லர். நோயுற்ற மனைவியோடு தானும் புறப்பட்ட கணவன், மகனைத் தனியே விட மனம் வராத தாய், இப்படிப்பட்ட உள்ளூர் மக்களே அவர்கள். உடலில் நோயின் தடம் சிறிதும் இல்லாதிருந்தும், அன்பின் காரணமாக அரசின் அனுமதி பெற்று அவர்கள் அந்நிலத்தில் போய் அமர்ந்தனர். அவர்களை ஹவாய் மொழியில் 'கோக்குவா' என்று அழைத்தனர். உதவுகிறவர் என்பது அதன் பொருள். சமைத்தல், துணி துவைத்தல், புண்களைக் கழுவுதல், இறந்தபின் அடக்கம் செய்தல் எல்லாம் அவர்கள் கையால் நடந்தன.

அத்தகையோருள் ஒருவர் ஜோனத்தான் நப்பேலா. மர்மோன் சபையைச் சேர்ந்த இவர் ஹவாய்ச் சமுதாயத்தில் மதிப்புடன் வாழ்ந்தவர். 1873-இல் இவருடைய மனைவிக்கு நோய் கண்டு அங்கு அனுப்பப்பட்டபோது, தாமும் உடன் போனார். பின்னர் அவரையும் நோய் பற்றியது. 1879-இல் அங்கேயே மரித்தார். தமியான் அடிகளாரும் இவரும் வேறு வேறு சபையினராயிருந்தும் நண்பர்களாகவே பழகினர்.

நோயாளரும் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 1866-ஆம் ஆண்டிலேயே, கப்பலில் இறக்கிவிடப்பட்ட சில மாதங்களில், அவர்களுள் சீர்திருத்த சபையினர் முப்பத்தைந்து பேர் கூடித் தங்களுக்கென ஒரு சபையை அமைத்தனர். பார்வையற்றவன் கண்களைக் கழுவிய குளத்தின் நினைவாக அதற்குச் சீலோவாம் என்று பெயரிட்டனர். 1872-இல் கத்தோலிக்கருக்கென ஒரு சிற்றாலயம் எழும்பியது; விக்டோரின் என்ற துறவறச் சகோதரர் அதனைக் கட்டி முடித்தார். அது புனித பிலோமினம்மாள் பெயரால் அர்ச்சிக்கப்பட்டது. ஆகவே தமியான் அடிகளார் அங்கே காலடி வைத்தபோது ஆலயம் இருந்தது. செபிக்கும் மக்களும் இருந்தனர். நிலையாக உடன் தங்கும் குரு ஒருவரே இல்லை. தொண்டு செய்யப் போகிறவர் தமக்கு முன்பே இறைவன் அங்கே போயிருக்கிறார் என்பதை மறந்துவிடலாகாது.

நால்வர் எழுந்து நின்றனர்

யோசேப்பு தெ வெஸ்டர் என்ற இயற்பெயர் கொண்ட தமியான் அடிகளார் 1840-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் திரெமலோ என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தம் அண்ணன் பாம்பிலைப் பின்பற்றி, இயேசு மரியாயின் திரு இருதயங்களின் சபையில் சேர்ந்தார். ஹவாய்க்குப் போகக் குறிக்கப்பட்டவர் உண்மையில் அண்ணனே. பயண நாள் நெருங்கியபோது அவர் நச்சுக் காய்ச்சலில் படுத்துவிட்டார். இன்னும் குருப்பட்டம் பெறாத தம்பி, "அவருக்குப் பதிலாக நான் போகிறேன்" என்ற கருத்தில், உள்ளூர் மேலாளரைத் தாண்டிப் பாரிசில் இருந்த சபைத் தலைவருக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார். அனுமதி கிடைத்தது. 1864-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள், தம் பாதுகாவலரான புனித சூசையப்பர் திருநாளன்று, ஹொனொலுலுத் துறைமுகத்தில் இறங்கினார். அவ்வாண்டு மே மாதமே குருவானார்.

பின்னர் ஒன்பதாண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் பணியாற்றினார். எரிமலைச் சரிவுகளில் கால்நடையாகவும் குதிரையிலும் அலைந்து, மக்களின் மொழியைக் கற்று, தம் கையாலேயே மரம் அறுத்துச் சிற்றாலயங்கள் கட்டினார். இந்த ஒன்பதாண்டுகளை நாம் மறந்துவிடுகிறோம். மொலொக்காயின் வீரத் தொண்டர் அங்கே இறங்கும்போதே அம்மக்களின் மொழியில் பேசவும், அவர்கள் உண்பதை உண்ணவும், உளியும் சுத்தியும் பிடிக்கவும் தெரிந்தவராக இருந்தார்.

1873-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், மாவி தீவின் வைலுக்கு என்னுமிடத்தில் புதிய ஆலய அர்ச்சிப்பு விழா நடந்தது. ஆயர் லூயி மெக்ரே தம் குருக்களிடம் மொலொக்காயில் தவிக்கும் மக்களைப் பற்றிக் கவலையோடு பேசினார். அங்கே ஒருவரை அனுப்புவது அவரைச் சாவுக்கு அனுப்புவதுபோல் ஆகிவிடுமோ என்று அஞ்சியதால், கீழ்ப்படிதலின் பேரில் எவருக்கும் கட்டளையிட அவர் மனம் ஒப்பவில்லை. அப்போது நான்கு இளங்குருக்கள் தாமாகவே முன்வந்தனர். நால்வரும் முறைவைத்துச் சில வாரங்கள் வீதம் போய்வருவது என்று முடிவாயிற்று. முதல் முறை தமியான் அடிகளாருடையது.

மே மாதம் 10-ஆம் நாள் கால்நடைகளையும் நோயாளரையும் ஏற்றிச் சென்ற கப்பலில் ஆயரோடு அவரும் கலாவாவோ போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33. தங்குவதற்கு வீடில்லை. ஆலயத்தின் அருகே நின்ற தாழை மரம் ஒன்றின் அடியில் முதல் இரவுகளைக் கழித்தார். சில நாட்களுக்குள்ளேயே தம்மை அங்கேயே விட்டுவிடுமாறு மேலாளர்களுக்கு எழுதினார். இரண்டாம் முறைக்காரர் வரவேண்டிய தேவையே ஏற்படவில்லை. சில வாரங்களுக்கென்று போனவர் பதினாறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, அங்கேயே மரித்தார்.

அவர் செய்தது என்ன?

பெரிய அற்புதம் எதையும் அவர் செய்யவில்லை. அன்றாடம் செய்ய வேண்டியதைச் செய்தார். அருகிலுள்ள வைக்கோலு பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியாகக் குடிநீர் வந்துசேர உழைத்தார். புயலில் குடிசைகள் விழுந்தபோது, மரப்பலகை வரவழைத்து நோயாளரோடு சேர்ந்து வீடுகள் கட்டினார். இறந்தவர்களைத் துணியில் சுற்றி ஆழமற்ற குழியில் இட்டுவந்த நிலையை மாற்றி, சவப்பெட்டிகளைத் தாமே செய்தார். கல்லறைத் தோட்டத்திற்கு வேலி அமைத்தார். அடக்கச் சடங்கிற்கென ஒரு பக்தசபையை ஏற்படுத்தினார். பாடகர் குழு அமைத்தார். பெற்றோரை இழந்த சிறுவர்களைத் தம் வீட்டருகே வைத்து வளர்த்தார். ஒரே சட்டியிலிருந்து அவர்களோடு உண்டார். மறையுரையில் நோயாளரை வேறுபடுத்திப் பேசாமல், தம்மையும் அவர்களுள் ஒருவராகச் சேர்த்தே பேசினார்.

இவ்வேலைகளில் அவர் தனியாளாக இருக்கவில்லை. அக்குடியிருப்பின் கண்காணிப்பாளரான வில்லியம் ராக்ஸ்டேல் தாமும் ஒரு நோயாளரே. 1879-இல் நோயாளராக வந்த அம்புரோஸ் ஹட்சிசன் நெடுங்காலம் அக்குடியிருப்பின் நிர்வாகப் பொறுப்பை வகித்தார். அடிகளாரைப் பற்றிய தம் நினைவுகளை எழுதியும் வைத்தார். பலகை அறுத்தவர்களும், பாட்டுக் குழுவில் பாடியவர்களும், குழி தோண்டியவர்களும் விரல்கள் தேய்ந்த நோயாளரே.

அவருக்கு மிகுந்த துன்பம் தந்தது நோயன்று, தனிமை. அங்கிருந்து வெளியே போகக் கூடாதென்று சுகாதாரக் கழகம் கட்டுப்பாடு விதித்திருந்த நாட்களில், அவருடைய மேலாளர் கப்பலில் அப்பக்கமாக வந்தார். கரையிறங்க அவருக்கு அனுமதியில்லை. கப்பலில் ஏற இவருக்கு அனுமதியில்லை. சிறு படகில் நின்றபடி, கப்பலின் மேல்தளத்தில் நின்ற மேலாளரை நோக்கி, பிறர் அறியாத பிரெஞ்சு மொழியில் உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்து, பாவமன்னிப்புப் பெற்றார். சனிக்கிழமை மாலை ஆலயத்தில் குரு காத்திருந்தும் வரத் தயங்கும் நாம், அந்தப் படகை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1884-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு நாள் கொதிநீர் காலில் பட்டுத் தோல் கொப்பளித்தும் அவருக்கு வலி தெரியவில்லை. 1885-இல் மருத்துவர்கள் உறுதி செய்தனர். நோய் வந்த பின்னும் அவர் வேலையைக் குறைக்கவில்லை, மாறாக விரைவுபடுத்தினார். 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், புனித வாரத்தின் திங்கட்கிழமையன்று, தம் 49-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். முதல் இரவுகளில் தங்கிய அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

பின்னால் வந்தவர்கள்

அவருடைய கடைசி ஆண்டுகளில்தான் அவர் நெடுங்காலம் வேண்டிய துணைவர்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் மூவரைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

முதலாமவர் யோசேப்பு டட்டன் என்ற பொதுநிலையினர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைத் தளவாடப் பொறுப்பு வகித்தவர். மணவாழ்வு முறிந்து, சில ஆண்டுகள் குடிப்பழக்கத்தில் வீழ்ந்து, பின்னர் மனந்திரும்பி 1883-இல் கத்தோலிக்கரானார். வாழ்நாள் எஞ்சியதைத் தவமாக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு டிராப்பிஸ்டு மடத்தில் சில காலம் தங்கியும் மனம் அமையவில்லை. மொலொக்காயைப் பற்றிப் படித்தறிந்து, 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கே வந்து இறங்கினார். எந்தச் சபையிலும் வார்த்தைப்பாடு கொடாதவர், ஊதியம் பெறாதவர். கணக்கு எழுதுதல், புண் கட்டுதல், பலகை அறுத்தல், சிறுவர் இல்லத்தை நடத்துதல் என்று 44 ஆண்டுகள் உழைத்தார். 1908-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், உலகைச் சுற்றிவந்த போர்க்கப்பல் தொகுதியை இம்மனிதருக்கு மரியாதை செலுத்தும் வகையில் மொலொக்காய்க் கரையோரமாகச் செல்லப் பணித்தார். நோய் அவரைத் தொடவேயில்லை. 1931-இல் 87-ஆம் வயதில் மரித்தார்.

இரண்டாமவர் அன்னை மரியான் கோப். ஜெர்மனியில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவில் குடியேறியவர். நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகரில் பிரான்சிஸ்கன் சகோதரிகளின் தலைவியாகவும், மருத்துவமனை நிர்வாகியாகவும் விளங்கினார். 1883-இல் ஹவாய் அரசின் சார்பாக உதவி கேட்டு வந்த கடிதத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகள் ஏற்க இயலாதென மறுத்திருந்தன. அவர் தம் சகோதரிகளிடம் கேட்டார், முப்பத்தைவர் முன்வந்தனர். அவர்களுள் அறுவரோடு அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஹொனொலுலு வந்தார். சகோதரிகளை அமர்த்திவிட்டுத் தாம் திரும்பிவிடுவதே அவரது எண்ணமாயிருந்தது. அங்குள்ள தேவை அவரைத் திரும்ப விடவில்லை. 1888-ஆம் ஆண்டு நவம்பரில் இரு சகோதரிகளோடு கலாவுபாப்பா சென்று, நோயுற்ற பெண்களுக்கும் சிறுமியருக்குமான இல்லத்தை ஏற்றார். மருந்தோடு நின்றுவிடாமல், அச்சிறுமியருக்கு அழகிய ஆடைகள் தைத்துக் கொடுத்தார், வெறுந்தரையில் மரமும் பூச்செடியும் வளர்த்தார், இசைக்கு இடமளித்தார். கைகழுவும் ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் சகோதரிகள் எவருக்கும் நோய் வராது என்று உறுதி கூறினார். அவ்வாறே எவருக்கும் வரவில்லை. முப்பத்தைந்தாண்டு ஹவாய்த் தொண்டிற்குப் பின் 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் மரித்தார்.

மூன்றாமவர் பெல்ஜியக் குருவான லூயி கொன்ரார்தி. 1888-இல் வந்து, தமியான் அடிகளாரின் இறுதி நாட்களில் உடனிருந்தார். பின்னர் மருத்துவம் பயின்று, சீனாவின் காண்டன் பகுதியில் தொழுநோயாளர்க்கென ஒரு குடியிருப்பை நிறுவி, அங்கேயே 1914-இல் உயிர்நீத்தார்.

இன்னொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். தம்பிக்கு இடம் கொடுத்துப் படுக்கையில் கிடந்த அண்ணன் பாம்பில், தம்பி இறந்தபின் 1895-இல், முதுமை நெருங்கிய காலத்தில், அதே தீவுக்கு வந்தார். அவரால் அங்கு நெடுங்காலம் தங்க இயலவில்லை, தாயகம் திரும்பினார். அதனால் அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எல்லார்க்கும் ஒரே அழைத்தல் இல்லை. தமியானை முதலில் சபைக்கு அழைத்துவந்தவர் அவரே அன்றோ!

புகழும் பழியும்

அடிகளார் மறைந்த சில மாதங்களில் ஹொனொலுலுவில் வாழ்ந்த சீர்திருத்த சபைப் போதகர் ஹைடு என்பவர், அவர் அழுக்கானவர், முரடர், ஒழுக்கம் குன்றியவர் என்று ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியாயிற்று. அதற்கு மறுமொழி எழுதியவர் ஒரு கத்தோலிக்கரும் அல்லர். பிரெஸ்பிற்றேரியன் குடும்பத்தில் பிறந்த புகழ்பெற்ற எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1889-ஆம் ஆண்டு மே மாதம் கலாவுபாப்பாவில் ஒரு வாரம் தங்கி, அடிகளாரை அறிந்தவர்களிடமெல்லாம் விசாரித்திருந்தார். 1890-ஆம் ஆண்டு பெப்ருவரியில் சிட்னி நகரிலிருந்து ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அடிகளாரின் பிடிவாதத்தையும் கரடுமுரடான போக்கையும் அவர் மறைக்கவில்லை. அவற்றை ஒப்புக்கொண்டே, பிறர் வசதியாக வீட்டிலிருந்தபோது அங்கே போய் நின்றவர் இவர்தாம் என்பதை எடுத்துக்காட்டினார். ஒழுக்கத்தைப் பற்றிய பழி பொய்யென நிலைநாட்டப்பட்டது.

தமியான் அடிகளார் மேலாளர்களோடு வாதாடியவர். உடன் குருக்களோடு மனத்தாங்கல் கொண்டவர். இது உண்மை. புனிதர்களைச் சுண்ணாம்புச் சிலைகளாக்கி வைத்தால் நமக்கு வசதியாயிருக்கும். அவர்களைப் பின்பற்ற வேண்டிய தேவை எழாது. குறைகளுள்ள ஒரு மனிதர் பதினாறு ஆண்டுகள் நிலைத்து நின்றார் என்பதுதான் நம்மை உறுத்தும் செய்தி. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995-இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அன்னை மரியானும் புனிதரானார்.

மறக்கலாகாத மற்றொரு பக்கம்

இத்தொண்டர்களின் புகழ் அந்தச் சட்டத்தின் கொடுமையை மூடிவிடக் கூடாது. தமியான் அடிகளார் மொலொக்காய் சேர்ந்த அதே 1873-ஆம் ஆண்டில், நார்வே நாட்டு மருத்துவர் அர்மவர் ஹான்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். பெரும்பாலானோரின் உடல் இக்கிருமியை இயல்பாகவே எதிர்க்க வல்லது என்று இன்று அறிகிறோம். 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1946-இல் அவை ஹவாயை எட்டின. இருந்தும் தனிமைப்படுத்தும் சட்டம் 1969 வரை நீக்கப்படவில்லை. மருந்து வந்த பின்னும் இருபத்து மூன்று ஆண்டுகள்! அங்கே பிறந்த குழந்தைகள் தாயின் மடியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டனர். இரக்கம் புண்ணைக் கட்டியது. நீதி மிகவும் தாமதித்தே வந்தது. தொண்டுக்குப் போகிறவர்கள் இரண்டையும் நாட வேண்டும்.

நமக்குரிய படிப்பினை

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விகளுக்கு வருவோம். இவ்வரலாறு நமக்குக் கூறுவதென்ன?

முதலாவது, இவர்கள் தேவையிருந்த இடத்திற்குப் போனார்கள். ஆயர் கவலைப்பட்டார், அரசு கடிதம் எழுதியது, நோயாளர் காத்திருந்தனர். நமக்குப் பார்க்க ஆசையான நாட்டைத் தேர்ந்துவிட்டு, பிறகு அங்கே ஏழைகளைத் தேடுவது தொண்டாகாது, அது சுற்றுலா.

இரண்டாவது, இவர்கள் கைத்தொழிலோடு போனார்கள். ஒருவருக்குத் தச்சு வேலை, ஒருவருக்கு மருத்துவமனை நிர்வாகம், ஒருவருக்குக் கணக்கு. நல்ல மனம் மட்டும் போதாது; அங்குள்ளவரால் செய்துகொள்ள முடிந்த வேலையை நாம் போய்க் கெடுத்து வைப்பதால் எவருக்கும் பயனில்லை. மொழி கற்கப் பொறுமை இல்லாதவர் ஆறுதல் சொல்லும் வழியையும் அறியமாட்டார்.

மூன்றாவது, அங்கிருந்தவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். கோக்குவாக்களும், ஹட்சிசன் போன்ற நோயாளரும் இல்லாமல் எந்த வீடும் எழுந்திருக்காது. நாம் போகும் இடத்து மக்கள் நம் இரக்கத்திற்குரிய பொருள்கள் அல்லர். நம்மைவிட நம்பிக்கையில் ஆழமானவர்களாகவும் இருக்கக்கூடும்.

நான்காவது, வீட்டிலிருந்தவர்களும் பங்கு பெற்றார்கள். இலண்டனில் ஆங்கிலிக்கன் குருவான ஹியூ சாப்மன் தம் மக்களிடம் திரட்டி அனுப்பிய தொகை ஏறத்தாழ 1,000 பவுன். 1888 டிசம்பரில் அடிகளாரைப் பார்க்க வந்த ஆங்கில ஓவியர் எட்வர்டு கிளிஃபோர்டு, அந்தமான் காடுகளில் கிடைத்த குர்ஜன் எண்ணெயை மருந்தாகக் கொண்டுவந்தார். நம் வங்கக் கடலின் தீவிலிருந்து மொலொக்காய் வரை ஒரு கைம்மருந்து பயணம் செய்திருக்கிறது! அது நோயைத் தீர்க்கவில்லை. ஆயினும் உலகின் எதிர்மூலையில் நம்மை நினைக்கிறவர்கள் உண்டு என்ற ஆறுதலைத் தந்தது. எல்லாரும் கப்பலேற வேண்டியதில்லை. ஆனால் போகிறவரைத் தாங்கும் கடமை எல்லாருக்கும் உண்டு.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு, ஒரு மாதம் போவது தவறு என்று நான் கூறமாட்டேன். தமியான் அடிகளாரும் சில வாரங்களுக்கென்றுதான் போனார். ஆனால் திரும்பும் தேதியை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவர் போகவில்லை. இறைவன் 'இன்னும் கொஞ்சம் இரு' என்றால் இருப்பதற்கு ஆயத்தமாயிருந்தார். அந்த ஆயத்தம் உள்ளவருக்கு ஒரு மாதமும் பயன் தரும். அது இல்லாதவருக்கு ஓராண்டும் வீண்.

தமிழகத்தில் நாம் இவ்வழியை அறியாதவர்கள் அல்லர். 1542-இல் இந்தியா வந்த புனித சவேரியாரும், 1606-இல் மதுரை சேர்ந்த தத்துவ போதகரும், 1693-இல் ஓரியூர் மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் கடல் கடந்து வந்தவர்களே. நாம் பெற்றுக்கொண்டவர்கள், கொடுக்கக் கடன்பட்டவர்கள். நம் குடும்பங்களிலிருந்து குருக்களும் சகோதரிகளும் இன்று பல நாடுகளில் பணியாற்றுகின்றனர். அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். தனிமையின் கொடுமையை அந்தப் படகு நமக்குச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. கோக்குவா என்ற அந்தச் சொல்லை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோக்குவா கடல் கடந்தது முன்பின் அறியாதவருக்காக அன்று, தன் வீட்டு நோயாளிக்காக. நம் தெருவில் படுக்கையில் கிடக்கும் முதியவர், உறவினர் ஒதுக்கிய நோயாளர், நற்கருணை கொண்டுபோகும்போது மட்டும் கதவு திறக்கும் வீடுகள், இவையெல்லாம் நம் பங்கு எல்லைக்குள்ளேயே உள்ளன. இந்தியாவில் ஆண்டுதோறும் சனவரி 30-ஆம் நாள் தொழுநோய் ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மே 10-ஆம் நாள் புனித தமியான் திருநாள். இவ்விரு நாட்களிலும் நம் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர்களும் சேர்ந்து அவ்வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கினால், கடல் கடக்க வேண்டியவர் யார் என்பதை இறைவனே காட்டுவார்.

விழா கொண்டாடும் நம் பங்கிலிருந்து அவ்வாறு ஒருவரேனும் எழும்ப, புனித தமியான், புனித மரியான் ஆகியோரின் வேண்டுதலால் இறைவன் அருள்புரிவாராக!